கேட்பவளின் முகம்

ஜூலை 6, சனி

மழை. நியூசிலாந்தின் மேற்குக் கரையில், அதிலும் ஹோகிடிகாவில், மழை என்று எழுதுவதே மை விரயம்.

நூலகத்துப் பின்னறையில் திரைப்படச் சங்கக் கூட்டம். வழக்கமான ஆட்கள்தான். இந்தக் குளிர்காலத்துக்கு என் கணவன் ஆங்கஸ் வைத்திருக்கும் தலைப்பு 'எனக்குப் பிடித்த இயக்குநர்கள்'. சங்கத் தலைவர் என்பதால் அவனுக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடித்ததாகிவிடும். மொத்தம் மூன்று பேர். பனியை மட்டுமே வைத்துக் கதை சொல்லும் ஒரு ஃபின்லாந்துக்காரர். ஐந்நூறு பேர் இருக்கும் தெருவிலும் ஒரே ஒருத்தியைத் தவறவிடாத ஒரு மெக்சிகோக்காரர். மூன்றாவது ரோவினா டால்ஸியல், நம் தெற்குத் தீவிலேயே, திமாருவில் பிறந்தவள்.

முதல் இருவரைப் பற்றித் தாளைப் பார்த்துப் படித்தான். மூன்றாவதுக்கு வந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பேசினான். அவள் படத்தில் காமிரா நகராதாம், மனிதர்கள்தான் நகர்வார்களாம். கண்ணெல்லாம் பளபளப்பு. பள்ளிக்கூடத்தில் பனியாறுகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதுகூட இந்தப் பளபளப்பு இருக்காது.

நாற்காலிகளை அடுக்கும்போது டோரீன் என் காதருகில் வந்தாள். டிக்கெட் விற்பவள், ஊரில் நடப்பது எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

"ஏன் கண்ணு, அந்தப் பொண்ணும் உன் வீட்டுக்காரனும் கிரைஸ்ட்சர்ச்ல ஒண்ணா இருந்தவங்களாமே?"

"தெரியும்," என்றேன்.

தெரியாது.

ஜூலை 7

நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது.

ஜூலை 13, சனி

பனிக்காரரின் படம். பாதியில் தூங்கிவிட்டேன். நாளெல்லாம் மிருக மருத்துவமனையில் பூனைகளுக்கும் நாய்களுக்கும் பெயர் பதிந்துவிட்டு வருகிறவளிடம் அத்தனை வெள்ளையைக் காட்டினால் வேறென்ன செய்வாள்? விளக்கு போட்டதும் ஆங்கஸ் எழுந்து, மௌனத்தை இவரளவுக்கு நம்பிய இயக்குநர் வேறு யாரும் இல்லை என்று முக்கால் மணி நேரம் பேசினான்.

ஜூலை 20, சனி

ஆங்கஸ் பள்ளிப் பிள்ளைகளை ரக்பி ஆட்டத்துக்கு கிரேமவுத் அழைத்துப் போயிருக்கிறான். கணினியைச் சமையல் மேசையில் வைத்து ரோவினாவின் முதல் படத்தைப் பார்த்தேன். 'ஈரக் கம்பளி'. இருபத்தேழு வயதில் எடுத்தாளாம். இருபத்தேழில் நான் நாய்க் கழுத்துப்பட்டை விற்றுக்கொண்டிருந்தேன்.

படத்துக்காகப் பார்க்கவில்லை. அவனைத் தேடினேன். வேறெதற்கு?

கிடைத்தான். ஒருவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறான். நான்கு மூலைக்கும் கத்தியைக் கொண்டு போகிறான், ஒரு பொட்டு இடம் விடாமல். கை மட்டும்தான் தெரிகிறது. எனக்குக் கையே போதும். பதினெட்டு வருஷமாகத் தினமும் காலையில் பார்க்கும் கை.

எனக்குன்னு இருந்தது அந்த ரொட்டி ஒண்ணுதான்னு நெனச்சேன். அதையும் அவ எடுத்துக் காட்டிட்டா. கனடாக்காரன், பிரெஞ்சுக்காரன் எல்லாம் பார்த்துட்டுக் கைதட்டியிருக்கான்.

படம் பிடிக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கடைசிக் கால் மணி நேரம் அழுதேன். அதுதான் தாங்கவில்லை. மட்டமான படமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஜூலை 21

மறுபடியும் பார்த்தேன்.

ஜூலை 24, புதன்

இரண்டாவது படத்தையும் பார்த்தேன். காமிரா நகராது என்பதெல்லாம் சும்மா. அதை யாரும் செய்யலாம், காமிராவை ஒரு மேசையில் வைத்தால் போதும். இவளிடம் இருப்பது வேறு. இரண்டு பேர் சண்டை போட்டால் கத்துகிறவன் முகத்தைக் காட்டவே மாட்டாள். கேட்டுக்கொண்டிருக்கிறவளின் முகம்தான் திரை முழுக்க. அவன் குரல் மட்டும் எங்கோ வெளியிலிருந்து வருகிறது. அவள் கண் மேசைத் துணியில் ஒரு கறையைப் பார்க்கிறது, விட்டுவிடுகிறது, மறுபடி பார்க்கிறது. வார்த்தையே இல்லாமல் அவள் அவனை விட்டுப் போகப்போவது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தாள்? யார் சொல்லிக் கொடுத்தது? எனக்குத் தெரிந்த விஷயம்தானே இது? எனக்குத் தெரிந்தும் அதை வைத்து நான் எதுவும் செய்யவில்லை. அவள் செய்துவிட்டாள். இப்போது பொறாமை ஆங்கஸைப் பற்றியது மட்டுமா என்று தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

"அவளோட எத்தனை வருஷம் இருந்தே?"

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. "யாரோட?"

"விளையாடாதே ஆங்கஸ்."

"ரெண்டு வருஷம். படிக்கிற காலத்துல. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லன்னா ஏன் சொல்லல?"

"நீ இப்படி நிப்பேன்னுதான்."

பிறகு அவளுடைய கலையின் மேல்தான் தனக்கு மதிப்பு என்று ஆரம்பித்தான். தலைமுறை, நிலப்பரப்பு, தெற்குத் தீவின் தனிமை. நான் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசி முடித்ததும், "புரியுதா?" என்றான். புரிகிறது என்றேன்.

ஆகஸ்ட் 5

ரோவினா நேரில் வருகிறாள். 17ஆம் தேதி, தொடரின் கடைசிக் காட்சிக்கு அழைத்தானாம், ஒப்புக்கொண்டாளாம். இரவு உணவு நம் வீட்டில். டோரீன் மருத்துவமனைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள், கையில் பூனைகூட இல்லை.

ஆகஸ்ட் 15

ஆங்கஸ் முடி வெட்டிக்கொண்டான். நானும்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்றைக்கு நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

மாலைக் காட்சி. உயரமானவளாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். குட்டையாக இருந்தாள், ஜலதோஷம் வேறு. முழங்கை தேய்ந்த கம்பளிச்சட்டை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். அது நிலைக்கவில்லை. கை கொடுத்தபோது என் முகத்தைப் பார்த்தாள் பாருங்கள், ஆள் பார்க்கிற பார்வை இல்லை அது. படிக்கிற பார்வை.

படம் முடிந்ததும் ஆங்கஸ் அவளை அறிமுகப்படுத்தினான். அவள் மேடையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள், அவன் நிறுத்தவில்லை. ஒருவழியாக, யாருக்காவது கேள்வி உண்டா என்றான். யாரும் வாய் திறக்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் சாப்பாட்டு மேசையில் மட்டும்தான் கேள்வி கேட்பார்கள்.

நான் எழுந்தேன். கோபத்தில்தான் எழுந்தேன். அவளைக் கொஞ்சம் திணற வைக்க வேண்டும்.

"உங்க படத்துல பேசுறவன் முகம் தெரியவே மாட்டேங்குது. கேக்குறவ முகத்தையே காட்டுறீங்க. ஏன், அவனைக் காட்டப் பயமா?"

டோரீன் இருமினாள். ரோவினா கைக்குட்டையை மடித்தாள், மெதுவாக.

"இத்தனை வருஷமா என் படத்தைப் பத்தி எழுதியிருக்காங்க. காமிரா நகரல, காமிரா நகரலன்னே எழுதுறாங்க. இதை யாரும் கேட்டதில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பதினெட்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆங்கஸும் சிரித்தான், ஒரு கணம் தாமதமாக. அவள் சிரிக்கவில்லை.

வீட்டில், போன பருவத்தில் ஆற்றில் பிடித்த குஞ்சு மீனை உறைபெட்டியிலிருந்து எடுத்து முட்டையில் போட்டு அடை சுட்டேன். ஆங்கஸ் அந்த மெக்சிகோக்காரரைப் பற்றித் தொடங்கினான். நடுவில் அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ கொஞ்சமும் மாறல ஆங்கஸ். அந்த கிரைஸ்ட்சர்ச் வீட்டுல நீ பேசிட்டே இருப்பே, நான் சுவத்துல இருக்கிற ஈரத்தைப் பார்த்துட்டே கேப்பேன். என் முதல் படமே அப்படித்தான் வந்துது." திட்டும் குரலில் சொல்லவில்லை. ஏதோ பழைய நாயைத் தடவிக் கொடுக்கும் குரல்.

அவன் முகம் சிவந்தது. நான் ஆசைப்பட்டது இதைத்தானே? ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. "இன்னொரு அடை வைக்கவா?" என்று அவனிடம்தான் கேட்டேன்.

கிளம்பும்போது வாசலில் அவள் என் கையைப் பிடித்தாள். "புதுப் படத்தை வெட்டி ஒட்டிட்டிருக்கேன். சரியா வரல. எங்க தப்புன்னு எனக்கே தெரியல. வெலிங்டனுக்கு ஒரு வாரம் வாங்க கிளெனிஸ். என் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆகஸ்ட் 20

"உன்னையா கூப்பிட்டா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

"என்னைத்தான்."

"உனக்கு எடிட்டிங்கைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாது. போய்ப் பார்க்கிறேன்."

ஃபின்லாந்துக்காரரின் எல்லாப் படங்களையும் பார்த்தவன் அவன். கட்டுரை எழுதியவன். சங்கம் ஆரம்பித்தவன். அவனை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. அந்தப் பொறாமை முகத்தை நான் ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், அதனால் உடனே அடையாளம் தெரிந்தது.

செப்டம்பர் 10, வெலிங்டன்

அறையில் ஜன்னல் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு திரை. அவள் ஓட்டுவாள், நான் பார்ப்பேன். "எங்க மனசு வெளியே போச்சு?" என்று கேட்பாள். சொல்வேன். சில சமயம் ஒத்துக்கொள்வாள், சில சமயம் கெட்ட வார்த்தை.

பிடிவாதக்காரி. தன்னைத் தவிர யாரையும் நம்ப மாட்டாள். ஒரு பெண் கதவைச் சாத்தும் காட்சியை நாள் முழுக்க வெட்டி ஒட்டினாள். கடைசியில் கதவையே எடுத்துவிட்டு, சத்தத்தை மட்டும் வைத்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவளாக நான் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆங்கஸின் ஞாபகமே இல்லாமல் நினைத்தேன்.

செப்டம்பர் 13

ஆங்கஸ் தொலைபேசியில்.

"நாளைக்கு வர்றேல்ல?"

"ரோவினா இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்றா. மருத்துவமனையில கேட்டேன், சரின்னுட்டாங்க."

"என்னைக் கேக்கல."

"இப்ப சொல்றேனே."

"அங்க என்ன சாப்பிடுறே?" என்றான்.

செப்டம்பர் 17

சொல்லாமல் வந்து நிற்கிறான். பள்ளிக்கூடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னானாம். வாழ்க்கையில் முதல் பொய்யாக இருக்கும். ரோவினா புருவத்தை உயர்த்தினாள். "உள்ள வா. ஆனா வாயைத் திறந்தா வெளியே அனுப்பிடுவேன்."

மூன்றாவது நாற்காலி இல்லை. கதவில் சாய்ந்து நின்றபடியே முழுப் பகுதியையும் பார்த்தான். இருட்டில் அவன் மூச்சு கேட்டது. அவன் யாரைப் பார்க்கிறான், திரையையா, அவளையா, என்னையா? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வந்தது. பேசப் போகிறான் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"அந்தப் பொண்ணு எழுந்து போறதுக்கு முன்னாடியே ஏன் வெட்டினீங்க?" என்றான். ரோவினாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

அவளும் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினாள்.

சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, நடுவில் தவறாக ஆரம்பித்துத் திருத்தி, கால் மணி நேரம் ஆனது. இருவரும் குறுக்கே பேசவில்லை.