அம்மாவின் கை எலும்பு கூடிய விவரம்

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அகல்யாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம், இந்த முறை அதை ஒப்புக்கு எழுதவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்றுகொள்கிறாள், அதனால்தான் உங்கள் ஜெர்மனிக்கே திரும்பும் பக்கத்து வீட்டுச் சித்தார்த்திடம் கொள்ளுப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

மொபெட்டிலிருந்து விழுந்து அம்மாவுக்கு வலது மேல்கை எலும்பு முறிந்ததும் பிளேட் வைத்ததும் உனக்குத் தெரியும். பிறகு நடந்ததைச் சொல்லக்கூடாது, மாசமாக இருக்கிற பிள்ளை பயந்துக்கும் என்று அவள் கட்டளை. தையல் போட்ட இடத்தில் சீழ் கசிந்துகொண்டே இருந்தது. பிளேட் தளர்ந்துபோய், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில் கை மடங்கியதை நான் பார்த்தேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சேலத்தில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். எலும்பிலேயே கிருமி இருக்கிறது, அது போகாமல் எலும்பு சேராது, பிளேட்டை எடுத்து, கெட்டுப்போனதைச் சுரண்டி, கிருமியைக் கொல்லும் மருந்து கலந்த, எலும்புக்கென்றே உள்ள சிமெண்ட் வைப்போம், கிருமி அடங்கியதும் இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்துப் புதுப் பிளேட் போடுவோம் என்றார். மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு அந்த இடத்தில்தான் ஓடுகிறது, அதில் பட்டால் கை தொங்கிவிடலாம் என்பதையும் மறைக்கவில்லை. வெட்டுனது போதுமுங்க, இப்படியே இருந்துட்டுப் போறேன் என்று அம்மா எழுந்துவிட்டாள். எனக்கும் பயம், வற்புறுத்தவில்லை.

உனக்குப் பையன் பிறந்து வீடியோவில் காட்டினாயே, அன்று போனை வைத்ததும் அம்மா வலது கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு, ஒத்தக் கையில எப்படிங்க பேரனத் தூக்கறது, நாளைக்கே போலாமுங்க என்றாள்.

இரண்டு ஆபரேஷனும் ஆயிற்று. நடுவில் ஊசியும் மாத்திரையுமாக அவள் வாய் கசந்து கிடந்ததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. கடைசி ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா, மணிக்கட்டைத் தூக்குங்க பார்க்கலாம் என்றார். மெதுவாகத் தூக்கினாள். நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். போன வாரம் எடுத்த படத்தில் எலும்பு கூடியிருக்கிறது, ரத்தத்திலும் கிருமி இல்லை.

பையன் தவழ ஆரம்பித்துவிட்டான், தரையில் ஊசி, பித்தான் கிடக்காமல் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். தை மாதம் நீங்கள் கோவை ஏர்போர்ட்டில் இறங்கியதும் அம்மா கையைத் தூக்கிக் காட்டுவாள். காது வரைக்கும்தான் எழும். அவ்வளவுதானா என்று மட்டும் கேட்டுவிடாதே சாமி, பையனை அவளிடம் கொடுத்துவிடு.

உன் அப்பா,
சுவாமிநாதன்