பக்கம் மாறி வாதாடிய ரஹீம் அண்ணனுக்கு

பஸ்ஸில் மலை தெரியும் ஜன்னலை எப்போதும் எனக்கே விட்டுக்கொடுத்த என் ரஹீம் அண்ணே,

இன்று காலை செஞ்சியில் நல்ல பனி. ராஜகிரியின் உச்சி மட்டும் தனியாக மிதந்தது, கீழே மலையே இல்லாததுபோல. பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கருப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பனிக்குள்ளிருந்து நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றே தோன்றியது. நீங்கள் இனி இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது கண்ணுக்கு ஏன் இன்னும் தெரியவில்லை?

ஊர்ச் சேதி சொல்கிறேன். நம் கோட்டையை இப்போது உலகமே பார்க்க வருகிறது. தொழிலாளர் சட்டங்களையெல்லாம் நான்கு தொகுப்பாகச் சுருக்கிவிட்டார்கள். நாம் மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் எல்லாம் போயே போச்சு. நீங்கள் இருந்திருந்தால் கோபத்தில் இரண்டு டீ சேர்த்துக் குடித்திருப்பீர்கள்.

நீங்கள் தொழிலாளிக்காக நின்றீர்கள், நான் முதலாளிக்காக. கடலூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் பகலெல்லாம் கீரியும் பாம்பும். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வீடு. தீர்ப்பு வந்து முடிந்த வழக்கை எடுத்துக்கொண்டு, பக்கம் மாறி வாதாடிக்கொண்டே வருவோம். உங்கள் கட்சியை நான் பேசுவேன், என் கட்சியை நீங்கள். கண்டக்டருக்கே குழம்பிவிட்டது. "இன்னா சார், காலைல மொதலாளிய திட்டினு வந்தீங்க, இப்ப அவருக்கே பேசினு வர்றீங்க?" என்றார். எனக்குப் பெருமையும் பொறாமையும் என்னவென்றால், என் கட்சியை நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசினீர்கள்.

போன மாதம் ஓர் அரிசி மில்லுக்குப் போனேன். மில்லை நடத்திவந்த பெரியவர் உடம்புக்கு முடியாமல் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். மகன்தான் இப்போது முதலாளி. சிங்கவரத்து ஏழுமலை அங்கே பாய்லர் பார்ப்பவர். அமாவாசையன்று லீவு சொல்லாமல் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டார்.

"நாளைலேர்ந்து வராதன்னு சொல்லிட்டா முடிஞ்சிது மேடம். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றார் சின்னவர்.

அப்படியெல்லாம் ஒரே வார்த்தையில் ஆளை அனுப்ப முடியாது, விசாரணை வைக்க வேண்டும் என்று பிடித்து நிறுத்தினேன். முதலாளியை அவருடைய அவசரத்திலிருந்து காப்பாற்றுவதுதான் என் வேலையில் பாதி என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

சில நாள் கழித்து நடந்த விசாரணையில் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று சொல்லியும் ஏழுமலை தனியாகவே வந்தார். துணைக்கு வருபவர் உட்காரும், உங்கள் நாற்காலி காலியாகக் கிடந்தது. கை கட்டி நின்று, "தப்புதாங்க, மன்னிச்சிடுங்க" என்றார். விசாரணை அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. வேலை போவதற்கு அது போதும். நான் வாயே திறக்காமல் ஜெயித்துவிட்டேன், அண்ணே. நீங்கள் இருந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்ல விட்டிருப்பீர்களா?

வெளியே வரும்போது பாய்லர் பக்கம் நெல் வேகும் ஆவி. அதற்குள் நடப்பது தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. பாய்லர் கதவில் புதுக் குங்குமம், மேலே எலுமிச்சம்பழம். "பக்கம் மாறு, தங்கச்சி" என்று உங்கள் குரல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

"இது யார் வெச்சது?" என்றேன்.

"நான்தாம்மா" என்றார் பின்னால் வந்த ஏழுமலை. "மாசா மாசம் அமாவாசைக்கு மில்லு பேர்ல போயி, அம்மன் குங்குமம் கொண்ணாந்து வெப்பேன். பெரியவரு சொன்ன ஏற்பாடு."

"அத ஏன் உள்ள சொல்லல?"

"சின்னவருக்குத் தெரியாதுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? கோவமா இருக்காரு, மன்னிப்பு கேட்டா செரியாப்பூடும்னு நெனச்சேன்."

சின்னவரை அப்பாவுக்குப் போன் போட வைத்தேன். ஆவிக்குள் பெரியவரின் குரல் எங்களுக்கே கேட்டது. "நான்தான்டா அனுப்பறது! அவன் போவாத மாசம் பாய்லர் பத்த வெச்சிருக்கமா?"

சின்னவர் என்னை முறைத்தார். "நீங்க யாரு பக்கம் மேடம்?"

"உங்க பக்கம்தான். கடலூர் கோர்ட்ல வேற யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுட்டேன்" என்றேன். அன்றே விசாரணையைக் கைவிட்டார். மறுநாள் ஏழுமலை வேலைக்கு வந்துவிட்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அழுதேன். மலையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்களோடு சண்டை போடாமல் இருக்க முடியவில்லை, அண்ணே.

நான் முதலாளி பக்கமேதான் நிற்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு சத்தியம். எதிரே உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது என்பதற்காக ஒருநாளும் ஜெயிக்க மாட்டேன். முதலில் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் என் நாற்காலிக்கு வருவேன்.

உங்களோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும்
மேனேஜ்மெண்ட் தங்கச்சி,
தேன்மொழி