முன்சீற்றில் வைத்த பானை

மச்சான்,

இன்று ரொறன்ரோவின் வோபர்னில் உன் மனைவியின் புது அப்பார்ட்மென்டில் பால் காய்ச்சினோம். அதே பானை. அடி நெளிந்திருப்பதால் ஒரு பக்கமாகப் பொங்கி அடுப்பில் ஊற்றியது. வீடு முழுக்கக் கருகிய பால் மணம். வந்திருந்த அன்ரி ஒருவர், "மேற்காலையெல்லே பொங்குது" என்றார். "பானை கோணல் அன்ரி. வேற ஒண்டுமில்லை" என்றேன். உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேற்குக்குத்தானே வெளிக்கிட்டோம். ரொறன்ரோவில் வாடகை கட்டி மாளாது, கல்கரிக்குப் போவோம் என்றாய். நீ, அவள், பால்குடி மறவாத மகள், நான். ஜனவரிக் குளிரில் வாடகை வான் வண்டியில் சாமான்களைப் பின்னால் அடைத்துவிட்டு, இந்தப் பானையை மட்டும் முன்சீற்றில் என் காலடியில் வைத்தாய்.

"உதைப் பின்னுக்குப் போடடா. கால் வைக்க இடமில்லை."

"புது வீட்டுக்குள்ள முதல் போறது உதுதான். வேணுமெண்டா உன்ர காலைப் பின்னுக்குப் போடு."

சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே பனிப்புயலால் தெருவை மூடிவிட்டார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் முடியாது. போனில் சிக்னல் இல்லை. வண்டியின் புகைக்குழாயைப் பனி மூடினால் நச்சுப்புகை உள்ளே வரும். எஞ்சினை நிறுத்தினால் பிள்ளை விறைத்துவிடும். ஊரார் வீடுகளுக்குச் சூடேற்றும் ஃபர்னஸ் பூட்டித் திரிந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பனி அள்ளும் சவல்? மெத்தைகளுக்கு அடியில். பின்கதவு உறைந்து திறக்கவில்லை. கைக்கு எட்டியது பானை மட்டும்.

மாறி மாறி அதால் அள்ளினோம். ஐஸில் இடித்து அடி நெளிந்தது. அள்ளியதைக் காற்று திரும்பக் கொண்டுவந்து கொட்டியது. என் விரல்கள் மரத்துப் பானை நழுவியதும் நீ பறித்துக்கொண்டாய். "நீ ஏறு. பிள்ளையைப் பார்."

பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தாள். உன் மனைவி அவளைத் தன் சட்டைக்குள் விட்டு, "அழு ராசாத்தி, அழு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஹீற்றர் நிற்காமல் ஓடியது. கனநேரம் கழித்து ஒரு சிணுங்கல்.

உனக்குச் சொல்ல இறங்கினேன். வண்டியின் பின்சில்லில் சாய்ந்து இருந்தாய். மடியில் பானை. குழாய் வாயில் ஒரு பொட்டுப் பனி இல்லை. நெஞ்சை அமத்தி அமத்திப் பார்த்தேன், மூச்சு வரவில்லை. "அவள் அழுதிட்டாள் மச்சான்" என்று உன் காதுக்குள் கத்தினேன். பனி தள்ளும் வண்டி வந்தபோதும் கத்திக்கொண்டிருந்தேன்.

இன்று மிச்சப் பாலை உன் மகள் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

அந்த நெளிவை எடுக்க எனக்குச் சுத்தியலால் இரண்டு தட்டுப் போதும். தட்டமாட்டேன். என் வான் வண்டியில் சவல் இப்போது முன்சீற்றில்தான் இருக்கிறது, கோடையிலும். ஏறுகிறவர்கள் கால் வைக்க இடமில்லை என்று சினப்பார்கள். காலைப் பின்னுக்குப் போடச் சொல்கிறேன்.