மூன்று மாமாக்களும் ஒரே குண்டும்

காட்டில் ஒளிந்துகொண்டு இன்னும் வெளியே வராத என் செல்ல அப்பாவுக்கு,

நலமா என்று உங்களிடம் கேட்டால் அம்மா தலையில் குட்டுவாள், அதனால் கேட்கவில்லை. இங்குள்ள செய்திகளைச் சொல்கிறேன். தம்பிக்கு விழுந்த முன்பல் இரண்டும் மறுபடி முளைத்துவிட்டன. முளைத்த கையோடு கடிக்கவும் ஆரம்பித்துவிட்டான். நம் வீட்டுக்குக் கீழே புதிதாக ஒருவர் டீக்கடை போட்டிருக்கிறார். போன வாரம் அவருடைய சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டியது யாரென்று தெருவே தேடுகிறது. நானும் சேர்ந்து மும்முரமாகத் தேடுகிறேன்.

இந்தக் கடிதம் நம் தெருப் பிள்ளைகள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் வருகிறது. ஒரே பிரதிதான், வீடு வீடாகப் போய், எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். ஆக, உங்களுக்கு எழுதுவதைத் தெருவே படிக்கப்போகிறது. படிக்கட்டும். முக்கியமாக மூன்று பேர் படிக்க வேண்டும். அவர்களுக்கு இதில் பொய்ப் பெயர் வைத்திருக்கிறேன். போலீஸ்காரர் யாராவது படித்தால், ரங்கூனில் இருக்கிற அந்தோணிகளையெல்லாம் பிடித்து வரிசையில் நிறுத்திக்கொள்ளட்டும்.

உங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். செல்லையா மாமா மரக்கிடங்கில் தேக்குக்கட்டைகளுக்கு எண் போடுகிறவர். அந்தோணி மாமா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். மூன்றாமவர் பா தெய்ன், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருக்கிறவர், ரயில் பட்டறையில் உங்களோடு இரும்படித்தவர். அவரை நான் ஊலே என்பேன். பர்மியத்தில் அதுவும் மாமாதான். அவர் என்னை மா பொன்னி என்பார், பர்மியத்தில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். குளிர்காலம் வந்தால் நீங்கள் நால்வரும் ரயிலேறி, அப்புறம் மாட்டுவண்டி பிடித்து, பெகு யோமா மலைக்குள் போய்விடுவீர்கள். அம்மான் மூன்று பேர் போயும் மான் ஒன்றுகூட இல்லாமல் திரும்பிய வருஷங்கள் உண்டு. அப்போதும் சிரித்துக்கொண்டேதான் வருவீர்கள்.

மான் விழுந்த வருஷங்களில்தான் சண்டை. நான் சுட்டேன், இல்லை நான்தான் என்று நால்வரும் நிற்பீர்கள். அதைத் தீர்க்கத்தான் குண்டில் குறி போடும் வழக்கம் வந்தது. ஈயத்தை நம் வீட்டு அடுப்பில்தான் உருக்குவீர்கள். குழம்புக் கரண்டி போயிற்று என்று அம்மா கத்துவாள். ஆறின குண்டில் அரத்தால் கீறுவீர்கள். உங்களுக்கு இரண்டு கோடு, செல்லையா மாமாவுக்கு ஒரு கோடு, அந்தோணி மாமாவுக்குச் சிலுவை. ஊலே மட்டும் தன் குண்டைக் கீறாமல் விட்டுவிடுவார். மான் விழுந்ததும் குண்டைத் தோண்டி எடுத்துப் பார்ப்பீர்கள். குறி யாருடையதோ கொம்பு அவருக்கு. இறைச்சி மட்டும் நால்வருக்கும் சமம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நால்வராகப் போனீர்கள். மூவராக வந்தார்கள். உங்கள் துப்பாக்கியும் ஒரு மண்சட்டிச் சாம்பலும் கூட வந்தன.

மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். "மூணாவது நாள் குளிர்க் காய்ச்சல் வந்துச்சு, கஞ்சிகூட இறங்கல, காலையில போயிட்டாரு" என்றார் செல்லையா மாமா. அந்தோணி மாமாவும் அதையே சொன்னார். ஊலேயும் அதையே சொன்னார், கஞ்சி உட்பட. அப்பா, நான் பொய் சொல்லியே வளர்ந்தவள். நடந்ததை மூன்று பேர் சொன்னால் மூன்று மாதிரி இருக்கும். உட்கார்ந்து பேசி வைத்ததுதான் ஒரே மாதிரி வரும். காய்ச்சல் என்றார்கள். எனக்கென்னவோ கதையைத்தான் காய்ச்சியிருக்கிறார்கள் என்று பட்டது.

அது பட்டதோடு நின்றுபோயிருக்கும். சாம்பலைக் கரைக்கச் சம்பான் படகில் ஆற்றின் நடுவுக்குப் போனோம். பெண்பிள்ளை வரக்கூடாது என்றார்கள்; நான் ஏறி உட்கார்ந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டேன், யாராலும் பிடுங்க முடியவில்லை. செல்லையா மாமா மந்திரத்துக்குத் தடுமாறிக்கொண்டிருந்தபோது சாம்பலுக்குள் கை விட்டேன். உங்களைக் கடைசியாக ஒருமுறை தொட வேண்டும் என்றுதான். அடியில், கனமாக, வழவழவென்று ஒன்று விரலில் பட்டது. உருகி உறைந்த ஈயம். அடுப்படியில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? காய்ச்சலில் செத்தவர் உடம்பில் ஈயம் எங்கிருந்து வந்தது?

உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். உருகிப்போனதால் கோடும் இல்லை, சிலுவையும் இல்லை.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் சந்தேகத்தோடு குடும்பம் நடத்தினேன். ஞாயிறு தவறாமல் மூவரும் வருவார்கள். அந்தோணி மாமா தம்பிக்குச் சிலேட்டு வாங்கிவந்தார்; எதற்கு இவ்வளவு அன்பு என்று யோசித்தேன். செல்லையா மாமா கூரை ஒழுகலை அடைத்தார். இவர் எதை மூடுகிறார் என்று யோசித்தேன். ஊலே கண்ணில் தண்ணீர் வந்தால் புகையிலைக் காரம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். குளிர்காலத்தில் மலையிலிருந்து திரும்பியதும் உங்கள் பங்கு இறைச்சி முதலில் நம் வீட்டுக்குத்தான் வரும், நீங்கள் உயிரோடு இருப்பதுபோல. அம்மா அதை மிளகு போட்டுச் சமைப்பாள். நான் சைவமாகிவிட்டேன் என்றேன். அம்மா அதைப் பக்தி என்று நினைத்து அக்கம்பக்கத்தில் பெருமை பேசினாள். எனக்கோ ஒரே கேள்வி. இந்த மூவரில் எந்தக் கை உங்களைச் சுட்டது? அந்தக் கை கொடுப்பதைத்தானே அம்மா வாங்கி வேகவைக்கிறாள்?

ஏதோ சாக்குச் சொல்லி மூவர் வீட்டுக்கும் போய்ச் சுவரைப் பார்த்தேன். பழைய கொம்புகள் இருந்தன, நீங்கள் சண்டைபோட்டுத் தோற்றவைகூட. ஆனால் இந்த இரண்டு குளிர்காலத்துக் கொம்பு ஒன்றுகூட இல்லை. இறைச்சி வருகிறது, மான் விழுகிறது, கொம்பு மட்டும் எங்கே? கொம்புக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தவர்கள் அல்லவா இவர்கள்? சந்தேகத்துக்கே கொம்பு முளைத்துவிட்டது எனக்கு.

போன மாதம் என் சரக்கை இறக்கினேன். நம் பழைய விளையாட்டுத்தான். இரண்டு பேர் சேர்ந்து மாங்காய் திருடினால், ஒருவனிடம் போய் மற்றவன் சொல்லிவிட்டான் என்று சொல்வது. நீங்கள்தான் என்மேல் அதை முதலில் பிரயோகித்தவர்.

முதலில் அந்தோணி மாமா. பூசை முடிந்து மாதாகோயில் படியிறங்கி வந்தார். "செல்லையா மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். கடைசியில், சுட்டது தான்தான் என்றார். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னார். ஆள் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் என் புத்தி உங்களுக்குத் தெரியுமே, சரிபார்க்காமல் விடாது. மரக்கிடங்குக்குப் போய் செல்லையா மாமாவிடம், அந்தோணி மாமா சொல்லிவிட்டார் என்றேன். அவர் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தோணி என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லியிருப்பான், நம்பாதே, சுட்டது நான் என்றார்.

ஒரு குண்டுக்கு இரண்டு பேர் ஆயிற்று. டாலா படகில் ஏறும்போதே மூன்றாமவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவர்கள் இதையும் பேசி வைத்திருக்கிறார்கள். நான் விளையாடப் போனேன், மூன்று கிழவர்கள் என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

ஊலே வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மா பொன்னி, சுட்டது நான்" என்றார்.

"மூணு பேரும் நான்தாங்கறீங்க. ஒரு மானுக்குக்கூட இப்படி அடிச்சிக்கிட்டதில்லையே, ஊலே" என்றேன். மடியிலிருந்து ஈயத்தை எடுத்து வலை மேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

அவர் சொன்னதைச் சொல்கிறேன், சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு பள்ளம். நடுவில் மூங்கில் புதர். மேட்டில் மூன்று பக்கம் மூவரும் துப்பாக்கியோடு. நீங்கள் ஒதுக்குப்புறமாக ஒரு பாறை அடியில், இலையை வாயில் வைத்துக் குட்டி கத்துவதுபோல ஊதி கேளையாடு என்கிற சின்ன மானைக் கூப்பிட வேண்டும். ஊதுகிறவர் இடத்தைவிட்டு அசையக்கூடாது. அது ஒன்றுதான் சட்டம். உச்சிவரை ஒன்றும் வரவில்லை. மேட்டில் மூவருக்கும் கண் சொருகியது. நீங்கள் பாறையைவிட்டு ஓசையில்லாமல் நகர்ந்து, மூங்கில் புதருக்குள் புகுந்து, புதரை ஆட்டிக்கொண்டே ஊதினீர்கள்.

"அவர் ஊதுற சத்தம் எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அது அவர் இருந்த இடம் இல்லையே" என்றார் ஊலே.

மூன்று துப்பாக்கியும் ஒரே வெடியாகக் கேட்டதாம். பட்டது ஒரு குண்டு. பொழுது சாயும்வரை உயிர் இருந்ததாம். அந்தோணி மாமா கத்தியை எடுத்துக் குண்டைத் தோண்டப் போனபோது நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டீர்களாம்.

"எடுத்தா பாப்பீங்கடா. பாக்காதீங்க. என் விளையாட்டு, என்னோட போகட்டும்."

இன்னும் ஒன்று சொன்னீர்களாம். பொன்னியிடம் காய்ச்சல் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவள் விளையாடுவதையே விட்டுவிடுவாள் என்று. இது நிஜமாகவே நீங்கள் சொன்னதா, அப்பா? அல்லது நான் அழ வேண்டும் என்பதற்காக ஊலே சேர்த்துக்கொண்டதா? அழுதேன், அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து அவர்கள் குண்டில் குறி போடுவதில்லையாம். மான் விழுந்தாலும் குண்டைத் தோண்டுவதில்லை. கொம்பைக் காட்டிலேயே ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். யார் சுட்டது என்று கேட்பதே அவர்களுக்குள் நின்றுபோயிற்றாம்.

படகில் திரும்பும்போது எல்லாவற்றையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. நீங்கள் செய்தது நான் செய்யக்கூடியது. அதே பள்ளம், அதே மூன்று தூங்குமூஞ்சிகள், நான் இருந்திருந்தாலும் அந்தப் புதருக்குள்தான் புகுந்திருப்பேன். அதனால்தான் கதையை நம்புகிறேன். வேறு யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் முழுதாக நம்பவும் இல்லை. டாலாவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. மூவரும் மூன்று பக்கம் இருந்தார்கள் அல்லவா? உங்களைத் தூக்கி, கைலியைக் கிழித்துக் கட்டியது அவர்கள்தானே? குண்டின் குறியைப் பார்க்கவில்லை, சரி. காயத்தைப் பார்க்காமலா கட்டியிருப்பார்கள்? குண்டு எந்தப் பக்கம் பாய்ந்தது என்று ஒரே ஒரு வார்த்தை போதும். இடது, வலது, நெஞ்சு. அவ்வளவுதான், ஆள் வெளியே வந்துவிடும். ஆக, அவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு, அது தான்தான் என்று தெரியும். மற்ற இருவருக்கும், தாங்கள் இல்லை என்று தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேர் என் கண்ணைப் பார்த்து "நான்" என்றார்கள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் முதலில் அவளுக்குத்தான் வாசித்துக்காட்டினேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. புதருக்குள் நீங்கள் புகுந்த இடம் வந்ததும் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். தோள் குலுங்கியது. "செய்வாரு, அந்த மனுஷன் செய்வாரு" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் சாப்பிட வரச்சொல்லு. இறைச்சி, சிலேட்டு ஒண்ணும் வேணாம். வெறுங்கையோட வரச்சொல்லு."

அதனால், செல்லையா மாமா, அந்தோணி மாமா, ஊலே, பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வரும்போது இதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊலே முதல் படகுக்கே வந்துவிட வேண்டும். நானும் அன்றைக்குச் சைவத்தை விடுகிறேன். ஆட்டிறைச்சி அம்மா வாங்குகிறாள்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்கு. அந்த ஒரு கேள்வியை நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் கேட்க மாட்டேன், கோபம் வந்தாலும் கேட்க மாட்டேன், நான் கிழவியாகி அவர்களில் ஒருவர்தான் மிச்சம் என்றாலும் கேட்க மாட்டேன். சந்தேகப்பட மாட்டேன் என்று மட்டும் வாக்குத் தர முடியாது. சாதம் பிசையும்போது ஒவ்வொரு கையாகப் பார்ப்பேன். பார்த்துவிட்டு அதே கைக்குக் குழம்பு ஊற்றுவேன். மூவரில் இருவர் பொய்யர்கள். அந்த இருவர் யாரென்று எனக்குத் தெரியாதவரை, மூவருமே என் மாமாக்கள்.

உங்கள் மூத்த மகளும்
அம்மூவரின் மருமகளுமான
பொன்னி