யாரும் ஒன்றும் செய்யவில்லை

மார்சிலிங்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அலீம் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பர்னில் மச்சியும் மகள் யும்னாவும் அவள் பச்சைப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைதான் வெடிக்கிறது. போனில் சொன்னால் "பொறுமையா இரும்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, போனிலேயே படமெடுத்து அனுப்புகிறேன்.

நம் இலவசச் சமையற்கூடத்துக்கு வாடகை கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து ரக்ஷனா என்றொரு பெண் வந்தாள். மரியாதையான பிள்ளை. நம் தொண்டூழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதானால் எவ்வளவு ஆகும் என்று பார்த்து, அந்த மதிப்பை வைத்துத்தான் அடுத்த வருஷ உதவியை முடிவு செய்வார்களாம். நியாயம்தானே? ஆள் வைத்துச் செய்தால் ஒரு மாதம் தாங்குவோமா நாம்?

நம் ஆட்களிடம் கேட்டாள். வேனில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் ரஃபீக், "போற வழிதானே, சும்மா குடுத்துட்டுப் போறேன் லா" என்றான். எது வழி? அவன் கடை தேக்காவில், சாப்பாடு போவது எங்கோ தள்ளி புக்கிட் பாஞ்சாங்குக்கு! தினமும் வெங்காயம் உரிக்கும் முஸ்கான், "வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்றாள். மஜீது மாமா சட்டி கழுவிக்கொண்டே, "நானா? நான் ஒண்ணும் செய்யறதில்லையேம்மா" என்றார். முழங்கை வரை சோப்பு நுரை!

அந்தப் பெண் என்ன செய்வாள்? சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டாள். இப்போது மேலே இருப்பவர்கள், நம் சோறு தானாக வெந்து தானாக லிப்ட் ஏறிப் போகிறது என்று நினைக்கிறார்கள். வாடகையை நிறுத்தப்போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திச் சொன்னால் மறுபடி பார்ப்பார்களாம்.

எல்லோரிடமும் கெஞ்சிவிட்டேன். "செஞ்சதைச் சொன்னா நன்மை போயிடும்னு அலீம் காக்கா சொல்லியிருக்காங்க" என்று ஒரே பாட்டு. ரக்ஷனா உங்களைப் போனில் கேட்டதற்கு நீங்களும், "எல்லாம் பிள்ளைங்கதான் செய்யறாங்க" என்றீர்களாமே! எந்தப் பிள்ளைகள்? மஜீது மாமாவுக்குக் கொள்ளுப்பேரன் பிறந்துவிட்டான்!

சொல்லிக் காட்டக்கூடாது என்பது வாங்கியவரிடம், காக்கா. கேட்டவரிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்று எங்கே இருக்கிறது? செய்ததைச் செய்யவில்லை என்பது பொய்யில்லையா?

என் பேச்சு எடுபடாது. நீங்களே அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், ரக்ஷனாவிடமும் பேசுங்கள். முடியாதென்றால் ஊர் திரும்பியதும் கண் தெரியாத லட்சுமி அம்மா வீட்டுக்கு நீங்களே போய், இனிச் சாப்பாடு வராது என்று சொல்லிவிட்டு வாருங்கள். மத்தியானம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னால் முடியாது, காக்கா.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். வெள்ளிக்கிழமைக்குள் வாயையும் திறக்க வைக்கட்டும்.

உங்கள் தங்கை,
உம்மு சல்மா