வாரண்டட்

அண்ணாச்சி,

புது மிக்சி வாங்கியிருக்கிறோம். வீடு முழுக்க அட்டைப்பெட்டி வாசம். "வாரண்டி கார்டை எங்கன வச்சிய?" என்று வீட்டுக்காரி கேட்டாள். அந்தச் சொல் காதில் விழுந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷமாயிற்று. இருந்தாலும் எழுதுகிறேன்.

தீப்பெட்டி ஆபீசில் நீங்கள் போர்மேன், நான் பில் எழுதுகிறவன். பெண்கள் லேபிள் ஒட்டும் கொட்டகையின் பின்கதவை, வேலை நேரத்தில் யாரும் வெளியே போய்விடக்கூடாதென்று முதலாளி பூட்டியே வைத்திருந்தார். "தீப்பிடிச்சா இவிய எங்கன ஓடுவாவ?" என்று நீங்கள் சர்க்கார் ஆபீசுக்குப் புகார் எழுதினீர்கள்.

பதில் இங்கிலீஷில் வந்தது. "ஏலே, நீதானே படிச்சவன், வாசி" என்று என்னிடம் நீட்டினீர்கள். உங்கள் புகார் 'வாரண்டட்', நேரில் வரவும் என்று இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் போலீஸ் வாரண்ட்தான். தெரியாது என்று சொல்ல வாய் வந்ததா எனக்கு? "உங்க மேலயே வாரண்ட் போட்டுட்டாவ, அண்ணாச்சி" என்றேன்.

உங்கள் முகம் செத்துப்போயிற்று. புகாரை வாபஸ் வாங்குவதாகக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். அதையும் நான்தான் எழுதினேன். போலீசுக்குப் பயந்து மத்தியானமே நாகலாபுரத்துக்குப் பஸ் ஏறினீர்கள். பத்து நாள் கழித்து வந்து முதலாளி முன்னால் கைகட்டி நின்றீர்கள். கதவு பூட்டியே கிடந்தது.

நாலு வருஷம் கழித்து, மகளுக்கு வாங்கிய அகராதியில் வேறெதையோ தேடப்போய் அந்தச் சொல் கண்ணில் பட்டது. 'நியாயமான, தகுந்த காரணமுள்ள' என்று போட்டிருந்தது. பாவி நான். உங்கள் புகாரில் நியாயம் இருக்கிறது, வந்து சொல்லுங்கள் என்றல்லவா கூப்பிட்டிருக்கிறார்கள்!

அப்போது நீங்கள் உயிரோடுதான் இருந்தீர்கள். கடம்பூர் ஸ்டேஷனில் போளிப் பொட்டலத்தோடு நின்றவர், நீங்களாகவே கேட்டீர்கள்: "நான் அன்னைக்கு அவசரப்பட்டு எழுதிட்டேம்லா?" பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் என் படிப்பு சந்தி சிரித்துவிடுமே. "பழசை எதுக்குப் பேசுதிய?" என்று ரயிலேறிவிட்டேன்.

இப்போது அந்தச் சொல்லைச் சரியாகவே சொல்லத் தெரிகிறது. உங்கள் புகார் வாரண்டட். உங்கள் பயம் வாரண்டட் இல்லை. யாரிடம் சொல்ல?

போன வாரம்கூட மதினியைப் பார்த்தேன். "நல்ல மனுசன்தான். அந்த ஒரு விசயத்துல மட்டும் அவிய தப்புப் பண்ணிட்டாவ" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.