பெயர் வெட்டிய தட்டு

திருக்காட்டுப்பள்ளி,
12.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை செம்மொழி எழுதுவது. தஞ்சாவூர் பஸ்ஸின் கடைசி சீட்டுக் கிழிசலில் நீ செருகியிருந்த துண்டுச்சீட்டு, பள்ளிக்கூடம் போகும்போது என் கையில் தட்டியது. இதையும் அங்கேயேதான் செருகப்போகிறேன். உயிரோடு இருக்கிறாய்! அதைச் சொல்ல மூன்று மாதமா, மகராசி?

நீ போனபிறகு இந்த வீட்டில் நீ மட்டும்தான் இருக்கிறாய். உன் கையில் சூடு வைத்ததற்கு அம்மா இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறாள். உலை இறக்கியதும் முதல் அகப்பைச் சோறு, உன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டில்தான் விழுகிறது. காக்கைக்கு வைத்தால் செத்தவளுக்கு வைத்ததாகிவிடுமாம். அதனால் சாயங்காலம் கன்றுக்குட்டிக்குக் கொட்டுகிறாள். நான் பத்தாம் வகுப்பில் 471 மார்க் எடுத்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். "சுடரு இருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா" என்று தட்டைப் பார்த்து அழுதாள்.

அங்கே எப்படி இருக்கிறாய்? நன்றாக இருந்தால் எழுதாதே. எனக்கு வயிறு எரியும்.

உன் தங்கை,
செம்மொழி


தஞ்சாவூர்,
19.6.2024

என் மொழிக்குட்டி,

471 ஆ! அடி சக்கை! இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அகழிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் அரிசி மில்லில் பதினொரு பேர் இருக்கிறோம். எல்லோரும் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள். வந்த ஏழாம் நாள் நிழல் போய்விடும். அப்புறம் ஊர்க்கண்ணுக்கு நாங்கள் தெரியமாட்டோம். பரோட்டாக் கடையில் தட்டோடு எடுத்துக்கொண்டு நடந்தாலும் யாரும் "ஏய்" என்று கேட்பதில்லை. முதலில் ஜாலியாகத்தான் இருந்தது. இப்போது கீழவாசல் சந்தையில் யாராவது இடித்துவிட்டு "பாத்து வாம்மா" என்று சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது.

இங்கே மூத்தவள் பர்வின். வந்து பத்து வருடம் ஆகிறது, இன்னும் பதினாறு வயதிலேயே நிற்கிறாள். "வீட்டுல நமக்குன்னு சோறு எடுத்து வைக்கிற வரைக்கும் திரும்பிப் போகலாம். அந்தச் சோத்த வேற யாராவது தின்னுட்டா, தின்னவதான் அந்த வீட்டுக்கு நீ" என்கிறாள். அவளுடையதை அவள் தங்கை தின்றுவிட்டாள். இப்போது அந்தத் தங்கை பாபநாசத்தில் பர்வின் என்ற பெயரிலேயே நிக்காஹ் முடித்து இருக்கிறாள்.

கைப்புண் ஆறிவிட்டது. கோபமும் முக்கால்வாசி ஆறிவிட்டது. ஆடிப்பெருக்குக்கு வந்துவிடுகிறேன். அதுவரை என் தட்டைப் பார்த்துக்கொள். உனக்கு மட்டும்தான் பொறாமை என்று நினைக்காதே. அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாயே, எனக்கும் எரிகிறது.

அக்கா,
சுடர்விழி


திருக்காட்டுப்பள்ளி,
3.7.2024

அக்கா,

அந்தத் தட்டு விஷயத்தை நீ எனக்கு எழுதியிருக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. தலைத் துண்டு உன் தட்டில், வால் எனக்கு. இல்லாதவளுக்குத் தலை, இருக்கிறவளுக்கு வால்! அம்மா கொல்லைக்குப் போனதும் உன் தட்டை இழுத்து வைத்து வழித்துத் தின்றேன். நீ எழுதியதெல்லாம் நினைவில் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நினைவில் வைத்துக்கொண்டேதான் தின்றேன்.

அம்மா உள்ளே வந்தாள். "சுடரு! வந்துட்டியாடி, என் தங்கமே!" என்று கட்டிப்பிடித்தாள். என் கையைத் திருப்பித் திருப்பி முத்தம் கொடுத்தாள். உன் சூட்டுத் தழும்பு என் கையில் இருக்கிறது, அக்கா. அப்பாவும் சுடர் என்றுதான் கூப்பிடுகிறார்.

மறுநாள் உலை இறக்கும்போது கேட்டேன், "செம்மொழிக்குச் சோறு எடுத்து வைக்கலியாம்மா?" என்று.

"ஓடிப்போன கழுதைக்கு என்ன சோறு? நீ சாப்புடு."

எனக்கு ஒரு பருக்கைகூட வைக்கவில்லை. நான் என்ன செய்யட்டும், சொல்லு.

செம்மொழி


தஞ்சாவூர்,
5.7.2024

அடிப்பாவி,

உன் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். என் கையில் தழும்பைக் காணோம். இங்கே எல்லோரும் என்னைச் செம்மொழி என்கிறார்கள். நாலு நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

ஒரு வழி இருக்கிறதாம். தின்ற பத்து நாளுக்குள் நாம் இரண்டு பேரும் அதே தட்டில் ஒன்றாகச் சாப்பிட்டால் நான் நானாகவும் நீ நீயாகவும் ஆகிவிடுவோம். பர்வின் கூப்பிட்டும் அவள் தங்கை வரவில்லையாம். நீ வருவாய். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, மில் வாசல். தட்டை எடுத்துக்கொண்டு வா. அங்கிருந்து சேர்ந்தே வீட்டுக்குப் போவோம். நான் அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன். அம்மாவிடம் உனக்காகச் சண்டை போடுகிறேன், சத்தியமாக.

வந்துவிடு, மொழிக்குட்டி.

சுடர்விழி. சுடர்விழிதான்.


திருக்காட்டுப்பள்ளி,
8.7.2024

அன்புள்ள தங்கைக்கு,

தட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நேற்றுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன்.

அம்மா காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். "இன்னொரு தடவ என்ன விட்டுட்டுப் போகாதடி, நான் செத்துருவேன்" என்று நடுத்தெருவில் கதறினாள். கண்டக்டர் திட்டுகிறார், ஊரே பார்க்கிறது. அவள் என்னை மட்டும்தான் பார்த்தாள். பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை உன்னுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இறங்கினேன்.

நீ மில் வாசலில் எவ்வளவு நேரம் நின்றாயோ. என்னைச் சபித்துக்கொள். எனக்கு உன்மேல் கோபம் இல்லை; இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

இனி அந்தச் சீட்டில் கடிதம் வைக்காதே. வைத்தாலும் நான் எடுக்கமாட்டேன். அம்மா தலை பின்னிவிடக் கூப்பிடுகிறாள், போகவேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
சுடர்விழி